பின்சீட்டுக்கு என்ன எழுதியிருக்கிறது?

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலை பார்க்கும் அண்ணன் தம்பிகளுக்கும் அக்கா தங்கைகளுக்கும்,

பொதுக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் மோட்டார் கிளெய்ம் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். உங்களில் பலரும் பைக் இன்சூரன்ஸ் புதுப்பிக்கிற நேரத்தில் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள்: "எங்கீங்கண்ணா கம்மியாப் போடுறாங்க?" நியாயமான கேள்விதான். சனிக்கிழமைச் சம்பளத்தை வைத்து வாடகை, சீட்டு, பள்ளிக்கூடம், ஊருக்கு அனுப்புவது என்று பிரித்துக் கொடுக்கிற வீட்டில் முந்நூறு ரூபாய் சின்னத் தொகை இல்லை. அந்தக் கேள்விக்கு இந்த மடலில் பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால், நீங்கள் கேட்காமல் விடுகிற இன்னொரு கேள்வியைப் பற்றி உங்களிடம் பேசியாக வேண்டும்.

காலை எட்டு மணிக்குப் பெருமாநல்லூர் ரோட்டிலும் பல்லடம் ரோட்டிலும் போகிற வண்டிகளைப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் இரண்டு பேர். கணவர் பவர் டேபிள், மனைவி செக்கிங். அண்ணன் கட்டிங், தம்பி கைமடி. ஒரே வண்டியில் போய், ஒன்றரை ஷிப்ட் முடித்து, இருட்டிய பிறகு ஒரே வண்டியில் திரும்புகிறவர்கள். அந்த வண்டியின் இன்சூரன்ஸ் காகிதத்தில் பின்சீட்டில் இருப்பவருக்கு என்ன எழுதியிருக்கிறது? அதைத்தான் யாரும் கேட்பதில்லை.

முதலில் விலைக் கணக்கு. நீங்கள் கட்டும் தொகைக்குள் மூன்று தனித்தனிச் சரக்கு இருக்கிறது. ஒன்று, நம் வண்டி மோதி அடுத்தவருக்கு ஏற்படும் சாவு, காயம், சேதத்துக்கானது. இதைத்தான் தேர்டு பார்ட்டி என்கிறோம். இரண்டு, நம் வண்டிக்கே ஏற்படும் சேதம், திருட்டு, தீ, வெள்ளம் ஆகியவற்றுக்கானது. மூன்று, வண்டியின் சொந்தக்காரர் ஓட்டும்போது அவருக்கு நேரும் விபத்துக்கானது. இந்த மூன்றில் முதலாவதற்கு எந்தக் கடையில் கேட்டாலும் ஒரே விலை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தைக் கலந்து மத்திய அரசே அதை நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த அறிவிப்பின்படி 75 சி.சி.க்கு மேல் 150 சி.சி. வரை உள்ள வண்டிக்கு ஆண்டுக்கு ரூ.714. நீங்கள் ஓட்டும் 100, 110, 125 சி.சி. வண்டிகளெல்லாம் இதற்குள் அடங்கும். 150க்கு மேல் 350 வரை ரூ.1,366. அதற்கு மேலே ரூ.2,804. பேட்டரி ஸ்கூட்டர் 3 கிலோவாட் வரை என்றால் ரூ.457, அதற்கு மேல் 7 கிலோவாட் வரை ரூ.607. இவற்றோடு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேரும். ஆக, 125 சி.சி. வண்டிக்கு வெறும் தேர்டு பார்ட்டி மட்டும் ரூ.843க்குப் பக்கத்தில் வரும். அவினாசியில் போட்டாலும் மதுரையில் போட்டாலும், செல்போனில் போட்டாலும் ஏஜென்ட்டிடம் போட்டாலும் அதே தொகைதான். "நானூறு ரூபாய்க்குப் போட்டுத் தர்றேன்" என்று ஒருவர் சொன்னால், அவர் தரப்போவது இன்சூரன்ஸ் அல்ல, அச்சடித்த காகிதம். பணம் கட்டிய சில நாட்களில் எம்பரிவாகன் செயலியில் உங்கள் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். நிறுவனத்தின் பெயரும் முடியும் தேதியும் அங்கே வர வேண்டும். வரவில்லையென்றால் அன்றைக்கே அந்த நிறுவனத்துக்குப் போன் செய்து பாலிசி எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

புது வண்டிக்கு ஐந்து ஆண்டுக்கான தேர்டு பார்ட்டியை மொத்தமாக வாங்குகிறார்களே, அது எப்படி வந்தது தெரியுமா? நம் பக்கத்து ஊர்க்காரர் போட்ட வழக்கின் விளைவு அது. கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு அறுவை மருத்துவர் எஸ்.ராஜசேகரன், சாலை விபத்துகளைக் குறைக்க வேண்டும் என்று 2012இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். நொறுங்கிய கால்களையும் முதுகெலும்புகளையும் நாளெல்லாம் பார்த்த மனிதர். அந்த வழக்கில்தான் 2018 ஜூலையில் நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது: 2018 செப்டம்பர் 1 முதல் விற்கும் இருசக்கர வண்டிகளுக்கு ஐந்து ஆண்டுத் தேர்டு பார்ட்டி கட்டாயம். முதல் வருடத்தோடு இன்சூரன்ஸை விட்டுவிடுகிறார்கள், விபத்தில் அடிபட்டவர் தெருவில் நிற்கிறார் என்பதே அதற்குக் காரணம். 150 சி.சி. வரையிலான வண்டிக்கு அந்த ஐந்து ஆண்டுத் தொகை ரூ.3,851, வரியோடு ரூ.4,544.

நல்ல உத்தரவு. ஆனால் அதிலிருந்து நம்மிடையே ஒரு தவறான நம்பிக்கை வளர்ந்துவிட்டது. "வண்டிக்கு அஞ்சு வருஷம் இன்சூரன்ஸ் இருக்குதுங்க" என்று நிம்மதியாக இருக்கிறோம். இருப்பது ரோட்டில் போகிற அடுத்தவருக்கு. வண்டியின் சேதத்துக்கும் திருட்டுக்கும் ஷோரூமில் எடுத்தது பெரும்பாலும் ஓர் ஆண்டுக்கு மட்டும்தான். உங்கள் உயிருக்கான விபத்துக் காப்பையும் பல ஷோரூம்களில் ஓர் ஆண்டுக்குத்தான் போடுகிறார்கள். ஆக, இரண்டாவது தீபாவளிக்கு வண்டி திருடு போனால் ஒன்றும் கிடைக்காது. நீங்கள் விழுந்தாலும் ஒன்றும் கிடைக்காது. டிராபிக் போலீஸ் காகிதத்தைப் பார்த்துவிட்டு அனுப்பி விடுவதால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். ஐந்து ஆண்டு முடிந்த பிறகோ, நினைவூட்ட யாரும் இல்லாமல் அந்தத் தேர்டு பார்ட்டியும் போய்விடுகிறது. நாட்டில் ஓடும் வாகனங்களில் பாதிக்கு மேல் இன்சூரன்ஸ் இல்லாதவை என்று நாடாளுமன்ற நிலைக்குழுவே கவலைப்பட்டிருக்கிறது. அவற்றில் பெரும் பங்கு இருசக்கர வண்டிகள்.

இப்போது பின்சீட்டுக்கு வருகிறேன்.

தேர்டு பார்ட்டி என்றால் மூன்றாம் நபர். மோதப்பட்ட பாதசாரி மூன்றாம் நபர். எதிரே வந்த சைக்கிள்காரர் மூன்றாம் நபர். உங்கள் பின்னால் உட்கார்ந்திருக்கும் மனைவி? தேர்டு பார்ட்டி மட்டும் எடுத்த வண்டியில் பின்னால் உட்கார்ந்து வருகிறவருக்கு அந்த பாலிசி பொறுப்பேற்காது என்று 2006இல் திலக் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறுபக்கம், நம் ஊரில் ஃபுல் இன்சூரன்ஸ் என்று சொல்லும் முழுப் பாலிசியில் பின்சீட்டுக்காரரும் அடக்கம் என்று 2009இல் காப்பீட்டு ஆணையம் எல்லா நிறுவனங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்பியது. இந்த இரண்டு வரிகளுக்கு நடுவில் எத்தனையோ குடும்பங்கள் விழுந்து போனதை மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

ஒரு கோப்பைப் பற்றிச் சொல்கிறேன். கணவன், மனைவி இருவரும் ஒரே கம்பெனி. இரவு வேலை முடிந்து வரும்போது ரோட்டோரம் கிடந்த மணலில் வண்டி சறுக்கியது. எதிரே எந்த வண்டியும் இல்லை. அவருக்குத் தோளில் அடி. பின்னால் இருந்த மனைவி தலையில் அடிபட்டு இறந்துவிட்டார். பழைய வண்டி, இதற்கு எதற்கு ஃபுல் இன்சூரன்ஸ் என்று தேர்டு பார்ட்டி மட்டும் போட்டிருந்தார். மறக்காமல் வருடாவருடம் கட்டிய மனிதர் அவர். எல்லா ரசீதையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்து வந்திருந்தார். "ஒரு வருஷங்கூட விடலைங்க" என்றார். அவருக்கு என்ன சொல்ல முடியும்? சட்டப்படி அந்தச் சாவுக்கு இழப்பீடு கேட்க உரிமையுள்ளவர்கள் அந்த அம்மாவின் பிள்ளைகள். கொடுக்க வேண்டியவர் வண்டியின் சொந்தக்காரர், அதாவது அவர்களின் அப்பா. அவருக்குப் பின்னால் நின்று கொடுக்க வேண்டிய இன்சூரன்ஸ் அந்தச் சீட்டுக்கு இல்லை.

எதிரே வந்த லாரியோ காரோ தப்புச் செய்திருந்தால் அதன் இன்சூரன்ஸிலிருந்து பின்சீட்டுக்காரருக்கு இழப்பீடு கிடைக்கும். அடித்துவிட்டு ஓடிய வண்டி எதுவென்றே தெரியவில்லை என்றால் அரசுத் திட்டத்தில் சாவுக்கு ரூ.2 லட்சம், பெருங்காயத்துக்கு ரூ.50,000 உண்டு. ஆனால் நாய் குறுக்கே வந்து, மழையில் வழுக்கி, தூக்கக் கலக்கத்தில் டிவைடரில் இடித்து நேரும் விபத்துகளுக்கு நம் வண்டியின் பாலிசியை விட்டால் வேறு கதி கிடையாது. 2022இல் நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வண்டியில் போனவர்கள். அதே ஆண்டில் தமிழ்நாட்டில் மட்டும் 17,884 சாவு. ராத்திரி ஷிப்ட் முடிந்து கண் எரிய வண்டி ஓட்டுகிற உங்களுக்கு இந்த எண்களை நான் விளக்க வேண்டியதில்லை.

அந்தப் பழைய வண்டிக்கு முழுப் பாலிசி போட எவ்வளவு கூடியிருக்கும்? வண்டியின் மதிப்பு ரூ.25,000 என்று வைத்துக்கொள்வோம். சென்னை நீங்கலாகத் தமிழ்நாட்டின் மற்ற ஊர்களில் ஐந்து வருடம் தாண்டிய 150 சி.சி.க்கு உட்பட்ட வண்டிக்குப் பழைய கட்டண அட்டவணையின் விகிதம் 1.76 சதவீதம். ரூ.440 வருகிறது. வரியோடு ரூ.519. நிறுவனங்கள் தரும் தள்ளுபடியைக் கழித்தால் இன்னும் குறையும். வண்டிக்குப் பத்து வயதாகிவிட்டது, தகரம்தான் என்று நீங்கள் சொன்னாலும் என் பதில் மாறாது. பின்னால் ஆள் உட்காரும் வண்டி என்றால் முழுப் பாலிசி போடுங்கள். வண்டி தகரமாக இருக்கலாம். அந்தக் கூடுதல் தொகையை நீங்கள் கட்டுவது தகரத்துக்காக அல்ல.

வண்டி வாங்கி இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் இருக்கிறவர்களுக்கு விஷயம் கொஞ்சம் சிக்கல். தேர்டு பார்ட்டி ஷோரூமில் எடுத்த பாலிசியில் ஓடிக்கொண்டிருக்கும். வண்டிச் சேதத்துக்கான பாலிசியை மட்டும் தனியாக எந்த நிறுவனத்திலும் வாங்கலாம். 2019 செப்டம்பரிலிருந்து அந்த வசதி இருக்கிறது. இப்படி இரண்டு காகிதமாகப் பிரிந்திருக்கும்போது பின்சீட்டுக்கு எது பொறுப்பு என்பது வழக்குக்கு வழக்கு வாதமாகக்கூடியது. அதனால் புதுப்பிக்கும்போதே பின்சீட்டுக்காரருக்கான விபத்துக் காப்பையும் சேர்த்துத் தரச் சொல்லுங்கள். காகிதத்தில் அந்த வரி தனியாக அச்சாகி வந்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வாய்வார்த்தை எந்தத் தீர்ப்பாயத்திலும் நிற்காது.

முன்சீட்டிலும் ஒரு வில்லங்கம் உண்டு. சொந்தக்காரர்–ஓட்டுநருக்கான கட்டாய விபத்துக் காப்பு, 2018 வரை இருசக்கர வண்டிக்கு ரூ.1 லட்சம்தான். இப்போது ரூ.15 லட்சம். வருடத்துக்குச் சில நூறு ரூபாய்தான் செலவு, அது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஆனால் அதன் பெயரைக் கவனியுங்கள். ஆர்.சி. புக்கில் யார் பெயர் இருக்கிறதோ அவரே ஓட்டியிருக்க வேண்டும், அவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்க வேண்டும். கணவர் பெயரில் ஸ்கூட்டர், தினமும் ஓட்டிப் போவது மனைவி என்றால் அந்த ரூ.15 லட்சம் மனைவிக்குக் கிடையாது. அப்பா பெயரில் வண்டி, மகன் ஓட்டுகிறான் என்றாலும் அதேதான். ஓட்டுகிறவர் பெயரிலேயே வண்டி வாங்குங்கள். அக்கா தங்கைகளுக்குத் தனியாகச் சொல்கிறேன்: உங்கள் சம்பளத்தில் தவணை கட்டுகிற ஸ்கூட்டி உங்கள் பெயரில் இருக்கட்டும், லைசென்ஸும் உங்கள் பெயரில் எடுத்துவிடுங்கள்.

ஆட்டோ கன்சல்டிங்கில் பழைய வண்டி வாங்குகிறவர்கள் நம்மிடையே ஏராளம். ஆர்.சி.யைப் பெயர் மாற்றாமலே ஆண்டுக்கணக்கில் ஓட்டுவார்கள். தேர்டு பார்ட்டி மட்டும் சட்டப்படி புதுச் சொந்தக்காரருக்குத் தானாக வந்து சேரும். வண்டிச் சேதத்துக்கான பகுதி அப்படி வராது. கைமாறிய 14 நாட்களுக்குள் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுதி மாற்ற வேண்டும். மாற்றாத வண்டி திருடு போனால் விற்றவருக்கும் பணம் வராது, வாங்கியவருக்கும் வராது. இதில் ஒருவர் கண்ணீரையும் நிறுவனம் பார்க்காது. பார்க்கவும் விதி இடம் தராது.

இனி, நீங்கள் கேட்ட கேள்வி. எங்கே குறைவு? விலை வித்தியாசம் இருப்பது முக்கியமாக வண்டிச் சேதப் பகுதியில். 2007 ஜனவரி முதல் அந்தப் பகுதியில் நிறுவனங்கள் தங்கள் விலையைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம். பல நிறுவனங்கள் பழைய அட்டவணை விகிதத்தை எடுத்து, அதில் பெருந்தள்ளுபடி கொடுத்து விற்கின்றன. அதனால் நாலு இடத்தில் கேட்பது நல்லதுதான். ஆனால் நாலு இடத்திலும் ஒரே பொருளைத்தான் கேட்கிறோமா என்பதைக் கவனிக்க வேண்டும்.

இங்கேதான் ஐ.டி.வி. வருகிறது. வண்டி திருடு போனாலோ முழுதாக நசுங்கினாலோ நிறுவனம் கொடுக்கக்கூடிய உச்சத் தொகை அது. வண்டியின் விலையில் வயதுக்கேற்பக் கழிவு போடுவார்கள்: ஒன்றிலிருந்து இரண்டு வயது வரை 20 சதவீதம், மூன்று வயது வரை 30, நான்கு வரை 40, ஐந்து வரை 50. ரூ.90,000 வண்டி, இரண்டாவது வருடத்தில் ஓடுகிறது என்றால் மதிப்பு ரூ.72,000. ஒரு நிறுவனம் இதைக் காட்டி விலை சொல்கிறது. இன்னொன்று மதிப்பை ரூ.60,000 ஆக இறக்கி, "நாங்கதான் கம்மி" என்கிறது. எவ்வளவு கம்மி? நம் ஊர் விகிதமான 1.676 சதவீதத்தில் அந்த ரூ.12,000 வித்தியாசத்துக்கு ரூ.201 வரும். நிறுவனம் 60 சதவீதத் தள்ளுபடி தருவதாகவும், உங்களுக்கு 20 சதவீத நோ கிளெய்ம் போனஸ் இருப்பதாகவும் வைத்துக்கொண்டால் அது ரூ.64 ஆகிறது. ஜி.எஸ்.டி. சேர்த்தால் ரூ.76. அந்த ரூ.76 மிச்சத்துக்காக, வண்டி திருடு போனால் கிடைக்க வேண்டியதில் ரூ.12,000ஐ விட்டுக்கொடுத்து விடுகிறீர்கள். போனில் விலை கேட்கும்போது, "ஐ.டி.வி. எழுபத்திரெண்டாயிரம் வச்சுச் சொல்லுங்க" என்று நீங்களே எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். எல்லாரிடமும் அதே எண். அப்போதுதான் யார் விலை நிஜமாகக் குறைவு என்று தெரியும். வித்தியாசம் நூறு, இருநூறு ரூபாய்க்குள் அடங்கிவிடுவதைப் பெரும்பாலும் பார்ப்பீர்கள்.

நோ கிளெய்ம் போனஸைப் பற்றியும் ஒரு பயத்தைப் போக்க வேண்டும். கிளெய்ம் போடாத ஒவ்வொரு ஆண்டுக்கும் வண்டிச் சேதப் பகுதியில் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று கழிவு ஏறும். கிளெய்ம் போட்டால் சுழிக்கு வந்துவிடும். அதற்குப் பயந்து, ஹெட்லைட், மட்கார்டு, ஃபோர்க் எல்லாம் போய் நாலாயிரம், ஐயாயிரம் செலவான வண்டிக்கும் கைக்காசைப் போட்டு வேலை பார்க்கிறார்கள். காருக்கு அந்தப் பயம் சரி. உங்கள் வண்டிக்கு அந்தப் பகுதியின் கட்டணம் போனஸுக்கு முன் ரூ.500 என்று வைத்துப் பாருங்கள். 50 சதவீதப் போனஸ் முழுதையும் இழந்து, மறுபடி அதே இடத்துக்கு ஏறி வரும் வரைக்கும் நீங்கள் கூடுதலாகக் கட்டுவது மொத்தமாக ரூ.625, வரியோடு ரூ.740க்குள். நாலாயிரம் ரூபாய் வேலைக்குத் தயங்காமல் கிளெய்ம் போடுங்கள். போனஸை உண்மையில் தொலைப்பது கிளெய்ம் அல்ல, மறதி. பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் சேர்த்த போனஸ் முழுதும் போய்விடும்.

கிளெய்ம் போடும்போது பில் தொகை முழுதும் வராது என்பதையும் முன்பே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரிக்கெல்லாம் பாதிதான் கொடுப்பார்கள். இரும்புப் பாகத்துக்கு வண்டியின் வயதைப் பொறுத்துக் கழிப்பார்கள். ஸ்கூட்டர் உடம்பில் பிளாஸ்டிக் அதிகம். அதனால் முதல் சில ஆண்டுகளுக்கு பம்பர் டு பம்பர் என்கிற கழிவில்லாக் காப்பைச் சேர்ப்பது ஸ்கூட்டர்காரர்களுக்குப் பிரயோஜனம். ஏழு வருட வண்டிக்கு வேண்டாம், பல நிறுவனங்கள் தரவும் தரா. வெள்ளத்துக்கு ஒரு வார்த்தை: ஜம்மனை ஓடையோ சங்கிலிப்பள்ளமோ பெருகி வண்டி நீரில் மூழ்கினால், தண்ணீர் வடிந்ததும் கிக்கரை உதைக்காதீர்கள், செல்ஃபும் போடாதீர்கள். மூழ்கியதால் வந்த சேதத்துக்கு முழுப் பாலிசி பணம் தரும். நீர் புகுந்த இன்ஜினை நீங்கள் ஸ்டார்ட் செய்து அது உடைந்தால், அதற்கென்று தனிக் காப்பு எடுக்காதவருக்குத் தர மறுப்பார்கள். தள்ளிக்கொண்டே மெக்கானிக்கிடம் போங்கள்.

வேலை நேரம் போக உணவு டெலிவரிக்கும் பைக் டாக்சிக்கும் வண்டி ஓட்டுகிற தம்பிகள் கூடிவிட்டார்கள். உங்கள் பாலிசியில் 'பயன்பாட்டு வரம்பு' என்று ஒரு பத்தி இருக்கும். வாடகைக்கு ஆள் ஏற்றுவதும் சரக்குக் கொண்டு போவதும் அந்த வரம்புக்கு வெளியே. டெலிவரிப் பையோடு விழுந்த வண்டிக்கு கிளெய்ம் போட்டால் நிறுவனம் அந்தப் பத்தியைத்தான் முதலில் எடுத்துக் காட்டும். உங்கள் டெலிவரி நிறுவனம் உங்களுக்கென்று என்ன காப்பு எடுத்திருக்கிறது என்று கேட்டு, அதன் நகலை வாங்கி வையுங்கள்.

எதில் வாங்குவது, செல்போனிலா ஏஜென்ட்டிடமா என்று கேட்பீர்கள். என் மனதில் உள்ளதைச் சொல்கிறேன். செல்போனில் விலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு, விபத்து நடந்த ராத்திரி போனை எடுக்கிற ஏஜென்ட் உங்கள் ஏரியாவில் இருந்தால், நூறு ரூபாய் கூடினாலும் அவரிடமே போடுங்கள். எப்.ஐ.ஆர்., சர்வேயர், வண்டி கண்டுபிடிக்கப்படவில்லை என்று ஸ்டேஷனில் வாங்க வேண்டிய சான்றிதழ், இரண்டு சாவியும் ஒப்படைப்பது, இதற்கெல்லாம் வேலையை விட்டுவிட்டு அலைகிறவருக்கு ஒரு ஷிப்ட் போனாலே அந்த நூறு ரூபாயைவிட அதிகம். அப்படிப்பட்ட ஏஜென்ட் கிடைக்கவில்லை என்றால் நிறுவனத்திலேயே நேரடியாகப் போடுங்கள். திருப்பூரில் கேஷ்லெஸ் வசதி உள்ள வொர்க்‌ஷாப் எது என்று கேட்டுவிட்டுப் போடுங்கள்.

கம்பெனி போனஸ் பணத்தில் புது வண்டி எடுக்கப் போகிறவர்கள், ஷோரூமில் 'இன்சூரன்ஸ்' என்று ஒரே வரியில் ஒரு தொகையைச் சொன்னால் நான்காகப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்: ஐந்தாண்டுத் தேர்டு பார்ட்டி, வண்டிச் சேதம், விபத்துக் காப்பு, கூடுதல் காப்புகள். முதலாவது எவ்வளவு என்பது இப்போது உங்களுக்கே தெரியும். இங்கேதான் போட வேண்டும் என்று ஷோரூம் கட்டாயப்படுத்த முடியாது. காப்பீட்டு ஆணையத்தின் விதி அப்படி. வெளியில் விசாரித்துவிட்டு வருகிறேன் என்று சொன்னாலே பல இடங்களில் தொகை இறங்கும்.

இன்சூரன்ஸே இல்லாமல் ஓட்டுகிறவர்களிடம் அபராதத்தைச் சொல்லிப் பயமுறுத்த நான் விரும்பவில்லை. முதல் தடவை ரூ.2,000, அடுத்த தடவை ரூ.4,000, மூன்று மாதம் வரை சிறையும் உண்டு என்பது சட்டம். அதைக் கட்டிவிட்டுப் போய்விடலாம். ரோட்டைக் கடக்கும் ஒரு பெரியவர் மீது உங்கள் வண்டி மோதினால் தீர்ப்பாயம் பல லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லும். இன்சூரன்ஸ் இருந்தால் அந்தத் தொகைக்கு வரம்பே இல்லாமல் நிறுவனம் கொடுக்கும். இல்லையென்றால் உங்கள் பெயரில் ஊரில் இருக்கும் அரை ஏக்கர் வரைக்கும் ஜப்திக்கு வரும். அடிபட்டவர் வீட்டுக்கும் உங்களிடமிருந்து ஒன்றும் தேறாது. இரண்டு ஏழை வீடுகளும் நீதிமன்ற வாசலில் நிற்கும்.

நிறுவனம் அநியாயமாக கிளெய்மை மறுத்தால் முதலில் அதன் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ சென்னையில் இருக்கும் இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

பைக் பாலிசிக்கு வெளியேயும் உங்களுக்கு இரண்டு துணை இருக்கிறது. பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் ஆண்டுக்கு ரூ.20 கட்டினால் விபத்துச் சாவுக்கு ரூ.2 லட்சம். 18 முதல் 70 வயது வரை, வங்கிக் கணக்கு இருந்தால் போதும். கணவன், மனைவி, வேலைக்குப் போகும் மகள் என்று ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சேரலாம். பின்சீட்டா முன்சீட்டா என்று அந்தத் திட்டம் கேட்பதில்லை. இன்னொன்று இ.எஸ்.ஐ. வீட்டிலிருந்து வேலைக்குப் போகிற, திரும்பி வருகிற வழியில் நடக்கும் விபத்தையும் வேலையிடத்து விபத்தாக எடுத்துக்கொள்ள அதில் இடம் இருக்கிறது. பீஸ் ரேட்டில் வேலை பார்க்கிற, கான்ட்ராக்டர் மூலம் வந்த எத்தனையோ பேருக்கு இ.எஸ்.ஐ. எண்ணே இல்லை என்பதும் எனக்குத் தெரியும். எண் இருக்கிறதா என்று இந்த வாரம் கம்பெனி ஆபீஸில் கேட்டுவிடுங்கள். பக்கத்து மிஷினில் இருக்கும் பீகார், ஒடிசா தம்பிகளுக்கும் இதையெல்லாம் எடுத்துச் சொல்லுங்கள். அவர்களும் பழைய வண்டி வாங்கி, இரண்டு மூன்று பேராக ஓட்டிப் போகிறார்கள்.

கடைசியாக உங்கள் சங்கங்களிடம் ஒன்று கேட்கிறேன். கூலி ஒப்பந்தப் பேச்சிலும் போனஸ் பேச்சிலும் சதவீதத்தைப் பற்றிப் பேசும்போது, கம்பெனி முழுவதற்குமான குழு விபத்துக் காப்பையும் கோரிக்கையில் சேருங்கள். ஆளுக்கு ரூ.15 லட்சத்துக்குச் சாவும் நிரந்தர ஊனமும் அடங்கிய காப்பாகக் கேளுங்கள். அந்த அளவுக்குப் பொது விபத்துக் காப்பு உள்ளவர் பைக் பாலிசியில் தனியாக அதை வாங்க வேண்டியதில்லை என்று விதி இருப்பதால், நீங்கள் வருடாவருடம் கட்டும் அந்தச் சில நூறும் மிச்சமாகும். அந்தக் குழுக் காப்பு, வண்டி யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்காது, ஓட்டினாரா பின்னால் உட்கார்ந்திருந்தாரா என்றும் பார்க்காது. நூற்றுக்கணக்கான பேருக்கு மொத்தமாக எடுக்கும்போது தனி ஆள் எடுப்பதைவிடத் தலைக்கு ஆகும் தொகை குறையும். எந்தெந்த நிறுவனத்தில் என்ன விலை, எந்த வாசகத்தைச் சேர்க்கச் சொல்ல வேண்டும், எதை நீக்கச் சொல்ல வேண்டும் என்பதையெல்லாம் எழுதித் தர நான் தயாராக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை எந்தச் சங்க ஆபீஸுக்குக் கூப்பிட்டாலும் வருகிறேன்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற ஓர் இன்சூரன்ஸ் ஊழியன்